லீவுல பேஸ்கட்பால் ஆட்டத்தை ஏத்துறது எப்படி: காலேஜ் பிளேயர்களுக்குப் பத்து வார முழு வழிகாட்டி

நம்ம ஊர் காலேஜ்ல செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு திரும்ப காலேஜ் திறக்குறதுக்குள்ள சுமாரா பத்து வாரம் கிடைக்குது, சில இடத்துல கொஞ்சம் கம்மி, சில இடத்துல கொஞ்சம் ஜாஸ்தி. இந்தப் பத்து வாரத்தை பசங்க ரெண்டு மாதிரி விடுறதை வருஷா வருஷம் பாக்குறேன். ஒரு கூட்டம் தினம் சாயங்காலம் வந்து நேரா அஞ்சுக்கு அஞ்சு ஆடிட்டு வீட்டுக்குப் போயிடும். இன்னொரு கூட்டம் போன்ல பாத்த டிரில் அத்தனையும் ஒரே நாள்ல பண்ணும், பத்தாவது நாள் முட்டி வலின்னு உக்காந்துடும். ரெண்டு பேருமே உழைக்கத்தான் செய்றாங்க, வரிசைதான் தப்பு. அதனால இங்க எது முன்னாடி எது பின்னாடி, ஏன் அப்படிங்கிறதைத்தான் அதிகமா எழுதியிருக்கேன்.

1. முதல் வாரம் பந்தை எடுக்காதீங்க

சீசன் முழுக்க சிமெண்ட் கோர்ட்ல குதிச்ச கால், அது மேல மூணு வாரம் எக்ஸாமுக்கு ராத்திரி முழிப்பு. இந்த உடம்போட மறுநாளே ட்ரெயினிங் ஆரம்பிச்சா மூணாவது வாரம் கண்டிப்பா எங்கயாவது பிடிக்கும். ஒரு வாரம் நல்லா தூங்குங்க, சும்மா இருக்க முடியலன்னா நடங்க, நீச்சல் தெரிஞ்சா கிணத்துலயோ குளத்துலயோ நீந்துங்க.

அந்த வாரத்துல ஒரு வேலை மட்டும் இருக்கு. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னு குதிகாலை முழுசா தூக்கித் தூக்கி இறக்குங்க, எத்தனை தடவை முடியுதுன்னு எண்ணுங்க, அப்புறம் அடுத்த கால். வலது 25, இடது 14 அப்படின்னு வந்தா போன சீசன்ல பெரண்ட கணுக்கால் இன்னும் சரியாகலன்னு அர்த்தம். வீக்கம் போயிடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு பசங்க நினைச்சுக்கிறாங்க, வீக்கம் முதல்ல போகும், பலம் ரொம்ப லேட்டாதான் திரும்பும். முட்டிச் சில்லுக்குக் கீழ அமுக்கினா வலிச்சாலும், படி இறங்கும்போது குத்தினாலும் பிசியோ யாரையாவது இந்த வாரமே போய்ப் பாத்துடுங்க, ஆறாவது வாரத்துல போய் நின்னா லீவே போயிடும்.

2. கையில வச்சுக்க வேண்டியது

ஒரு நோட்டு, பேனா, டைமர் உள்ள போன், ஸ்கிப்பிங் கயிறு, ரெண்டு லிட்டர் தண்ணி, பந்து எடுத்துப் போட ஒரு ஆள். ஆள் ரொம்ப முக்கியம், ஏன்னா தனியா ஷூட் பண்ணினா பாதி நேரம் பந்து பின்னாடி ஓடுறதுலயே போயிடும். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பண்ணிக்கலாம்.

பந்து சைஸ் பாருங்க. பசங்களுக்கு 7, பொண்ணுங்களுக்கு 6. கோர்ட்ல கிடக்குறது 7தான்னு லீவு முழுக்க அதுலயே பழகுற பொண்ணுங்களைப் பாத்திருக்கேன், மேட்ச்ல 6 கையில வந்ததும் ஷாட் எல்லாம் நீளமா போகும். 6 சைஸ் பந்து ஒண்ணை நாலு பேர் சேந்து வாங்கிடுங்க.

அப்புறம் இஞ்ச் டேப், சாக்பீஸ். இதை யாரும் பண்றதில்ல, ஆனா பண்ணியே ஆகணும். 2010ல சர்வதேச ரூல்ல த்ரீ பாயிண்ட் கோடு (இதுக்கு வெளிய இருந்து போட்டா மூணு பாயிண்ட்) 6.25 மீட்டர்ல இருந்து 6.75க்கு மாறுச்சு. பழைய கோர்ட்ல இன்னும் பழைய கோடு மேலயே பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. ரிங்குக்கு முன்னாடி இருக்குற ஃப்ரீ த்ரோ கட்டம் (ஃபவுலுக்குக் கிடைக்குற தனி ஷாட்டைப் போடுற இடம்) ரிங்குக்குப் பின்னாடி இருக்குற எண்ட் லைன் பக்கம் அகலமா விரிஞ்சு சரிவா இருந்துச்சுன்னா அது பழைய அளவு, இப்ப இருக்குறது 4.9 மீட்டர் அகலத்துல நேரான செவ்வகம்.

அளக்குறது இப்படி: ரிங் நடுவுல இருந்து ஒரு கயித்துல கல்லைக் கட்டித் தொங்க விடுங்க, கல் ஆடாம நின்னதும் கீழ தொடுற இடத்துல ஒரு புள்ளி வைங்க. அங்கிருந்து 6.75 மீட்டர் டேப் பிடிச்சு சாக்பீஸ்ல வளைவு போடுங்க, கார்னர்ல மட்டும் சைடு லைன்ல இருந்து 90 சென்டிமீட்டர் உள்ள தள்ளி நேர்க்கோடு. ஃப்ரீ த்ரோ கோடு போர்டோட முகத்துல இருந்து நேர் கீழ எடுத்து 4.6 மீட்டர். ரிங் உயரத்தையும் பாத்துடுங்க, 3.05 இருக்கணும், தொங்கித் தொங்கி முன்பக்கம் சாஞ்ச ரிங் எத்தனையோ இருக்கு. அரை மீட்டர் கம்மியான கோட்டுல பத்து வாரம் பழகிட்டு இன்டர் காலேஜ் போனா, அங்க ஷாட் ஏன் ஷார்ட் ஆகுதுன்னு புரியாமலே மூணு மேட்ச் போயிடும்.

3. எங்க நிக்குறோம்னு கண்டுபிடிக்குறது

ரெண்டாவது வாரம் முதல் நாள் டெஸ்ட். ஃப்ரீ த்ரோ 50, அதுல பத்துப் பத்தா போடுங்க, நடுவுல கோர்ட்டை ஒரு தடவை சுத்திட்டு வந்துடுங்க. அடுத்து ரெண்டு கார்னர், ரெண்டு விங் (கார்னருக்கும் நடுவுக்கும் இடையில), நடு, இந்த அஞ்சு இடத்துல 5 மீட்டர் தூரத்துல பத்துப் பத்து. அதே அஞ்சு இடத்துல த்ரீ கோட்டுக்கு வெளிய பத்துப் பத்து. அப்புறம் பழக்கமில்லாத கையில ஒரு நிமிஷத்துல எத்தனை லேஅப் (ஓடி வந்து ரிங் பக்கத்துல எம்பிப் போடுறது). எல்லாத்தையும் தேதி போட்டு நோட்டுல எழுதுங்க.

நம்பர் மட்டும் பத்தாது. போன சீசன் மேட்ச் வீடியோ யார் போன்லயாவது இருக்கும், வாங்கி நீங்க பந்தைத் தொலைச்ச இடத்தை மட்டும் பாருங்க. அதுக்கப்புறம் பி.டி. சார்கிட்ட போங்க. "சார் நான் எதுல இம்ப்ரூவ் பண்ணணும்" அப்படின்னு கேட்டா எல்லாத்துலயும்னுதான் சொல்லுவாரு, அந்தக் கேள்வி வேஸ்ட். எங்க பையன் ஒருத்தன் போய், "சார், கடைசி அஞ்சு நிமிஷம் என்னை ஏன் சார் வெளிய எடுக்குறீங்க?"ன்னு கேட்டான். அவரு ஒரே வரியில சொன்னாரு: "நீ வலது பக்கம் மட்டும்தான் போவேன்னு எதிர் டீமுக்கு ரெண்டாவது குவார்ட்டர்லயே தெரிஞ்சிடுது டா." அவனுக்கு அந்த லீவு என்ன வேலைன்னு அங்கயே முடிவாயிடுச்சு.

4. ரெண்டே ரெண்டு விஷயம் எடுங்க

ஆறு விஷயம் எழுதிக்கிட்டு வர்றவங்களை நான் நாலை அடிச்சுட்டுதான் வரச் சொல்லுவேன். ஒரு பழக்கம் மேட்ச்ல தானா வரணும்னா ஆயிரக்கணக்கான தடவை சரியா பண்ணியிருக்கணும், நமக்கு இருக்குறது ஒன்பது வாரம், வாரம் அஞ்சு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். அதை ஆறால வகுத்தா ஒண்ணுமே மிஞ்சாது.

கார்டுன்னா (பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துறவங்க) பழக்கமில்லாத கை, அப்புறம் ஓடி வந்து நின்னு போடுற ஷாட். விங்னா (பக்கவாட்டுல நின்னு ஆடுறவங்க) பந்து வாங்குன உடனே போடுற ஷாட், அப்புறம் ஷூட்டரை நோக்கி ஓடிப் போய் நின்னு டிஃபென்ஸ் பண்றது. உயரமான பசங்க ரிங் பக்கத்துல ஒரே ஒரு மூவ், ரெண்டு தோளுக்கும் திரும்பி முடிக்கத் தெரியணும், கூடவே ஃப்ரீ த்ரோ, ஏன்னா ஃபவுல் வாங்கப் போறது அவங்கதான். இது நான் பொதுவா சொல்றது, உங்க நோட்டும் சாரும் வேற சொன்னா அதையே எடுங்க.

5. பத்து வாரத்தையும் ஒரு நாளையும் எப்படிப் பிரிக்குறது

முதல் வாரம் ஓய்வு. ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் மெதுவா, சரியா, ஆள் இல்லாம. அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் அதையே மேட்ச் வேகத்துல. எட்டும் ஒன்பதும் எதிர்ல ஆளை நிறுத்தி. பத்தாவது வாரம் பாதி அளவு வேலை, கடைசியில திரும்ப டெஸ்ட். ஆளை வச்சு முதல் வாரமே ஆரம்பிச்சா என்ன ஆகும்னா, மாட்டிக்கிட்டா பழைய பழக்கத்துக்குத்தான் கை போகும், புதுசு ஒட்டவே ஒட்டாது.

நேரம் காலையில 5:45ல இருந்து 7:15. மே மாச வெயில்ல பத்து மணிக்கு மேல சிமெண்ட் கோர்ட்ல நிக்கவே கூடாது, தைரியத்தைக் காட்டுற இடம் அது இல்ல, மயங்கி விழுந்தா தூக்க ஆள் இருக்காது. காலையில வர முடியாதவங்க சாயங்காலம் ஆறுக்கு மேல, லைட் இருக்குற கோர்ட்டா பாத்துக்கோங்க.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்ள வரிசை: வார்ம் அப், குதிக்குற வேலை இருந்தா அது, அப்புறம் புதுசா கத்துக்குற ஸ்கில், அப்புறம் ஷூட்டிங், கடைசியா ஓட்டம். முதல்ல பத்து ரவுண்டு ஓடிட்டு அப்புறம் பந்தை எடுக்குறதுதான் நம்ம ஊர்ல வழக்கம். களைச்ச கால் சோம்பேறித்தனமான ஸ்டெப் போடும், அந்த ஸ்டெப்தான் மனசுல பதியும். கத்துக்குறது புது உடம்புல, கத்துக்கிட்டதை சோதிக்குறது களைச்ச உடம்புல, இதை மாத்திடாதீங்க.

6. உடம்பு, முக்கியமா கால்

வாரம் மூணு நாள், ஒண்ணு விட்டு ஒரு நாள், நாப்பது நிமிஷம் போதும். ஸ்குவாட், குனிஞ்சு தூக்குற டெட்லிஃப்ட், ஒத்தக் கால் ஸ்குவாட், குதிகால் தூக்குறது, புஷ் அப், பார்ல புல் அப். ஜிம் இல்லன்னா பையில செங்கல், இல்லன்னா 10 லிட்டர் தண்ணி கேன் தூக்கிப் பண்ணலாம். மூணு செட், எட்டுல இருந்து பத்து தடவை, கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும் ஆனா முதுகு வளையக் கூடாது. சுலபமா வந்தா வாரம் கொஞ்சம் எடை ஏத்துங்க.

குதிக்குற பயிற்சி வாரம் ரெண்டே நாள், ஒரு நாளைக்கு நாப்பது குதிக்கு மேல வேணாம், முடிஞ்சா மண்ணுலயோ புல்லுலயோ. கீழ இறங்கும்போது சத்தம் வரக் கூடாது, முட்டி ரெண்டும் உள்பக்கம் மடங்கக் கூடாது. பக்கத்துல ஒருத்தரை நிக்க வச்சு முன்னாடி இருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்க, நமக்கே தெரியாது அது.

கால்ல வெயிட் கட்டிக்கிட்டு சிமெண்ட்ல ஓடுறதை இன்னமும் பசங்க பண்றாங்க. நான் செகண்ட் இயர்ல ஒரு மாசம் அப்படி ஓடினேன், ஜம்ப் ஒரு இஞ்ச் கூட ஏறல, முட்டிச் சில்லுக்குக் கீழ இருக்குற தசைநார்ல வலி வந்து அந்த சீசன் பாதி பெஞ்ச்லதான் உக்காந்திருந்தேன். தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க.

7. பழக்கமில்லாத கையும், ஸ்டெப்பும்

நின்ன இடத்துல டிரிபிள் (பந்தைத் தரையில தட்டுறது) அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேணாம். ரெண்டு பந்து, டென்னிஸ் பால் எல்லாம் வீடியோவுக்கு நல்லா இருக்கும், மேட்ச்ல யாரும் நின்னுக்கிட்டு டிரிபிள் பண்றதில்ல. நகர்ந்துக்கிட்டே பண்ணுங்க, ஓடி வேகத்தைக் குறைச்சு மறுபடி ஏத்துங்க, கண்ணு எதிர் ரிங்ல இருக்கட்டும்.

இடது கை லேஅப்பை எடுத்துக்கோங்க. முதல்ல பந்தே இல்லாம, இடது, வலது, குதி. வலது கால்ல எம்பணும், இடது முட்டி மேல போகணும். இது நூறு தடவை தப்பில்லாம வந்த பிறகு பந்து, நின்ன இடத்துல இருந்து ரெண்டு ஸ்டெப். அப்புறம் ஒரு டிரிபிளோட. அப்புறம்தான் அரை கோர்ட்ல இருந்து வேகமா. பசங்க நேரா கடைசிக்குப் போறாங்க, கால் தப்பா போகுது, அதைச் சமாளிக்க உடம்பைத் திருப்பி வலது கையிலயே போட்டுடுறாங்க.

இங்க ரூல் ஒண்ணு. ஓடிக்கிட்டே டிரிபிளை நிறுத்திப் பந்தை ரெண்டு கையில எடுக்கும்போது கீழ இருக்குற கால் கணக்குல வராது, அதுக்கப்புறம் ரெண்டு ஸ்டெப் உண்டு. 2017ல வந்தது இது. ஆனா ஓடிக்கிட்டே பாஸ் வாங்கி டிரிபிள் ஆரம்பிக்கப் போறீங்கன்னா, ரெண்டாவது ஸ்டெப் விழுறதுக்கு முன்னாடி பந்து கையை விட்டுப் போயிருக்கணும், இல்லன்னா டிராவல், அதாவது பந்தோட அதிக ஸ்டெப் வச்ச தப்பு. முதல் பாதியைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ரெண்டாவதை விட்டுடுறாங்க, விசில் அடிச்சா ரெஃப்ரீகிட்ட சண்டை வேற. பழகும்போதே பந்து முதல்ல கீழ போகுதா, கால் முதல்ல போகுதான்னு ஒருத்தரைப் பாக்கச் சொல்லுங்க.

8. ஷூட்டிங்

அதிகம் பேர் தடுமாறுற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

தினம் ரிங்ல இருந்து ஒரு மீட்டர்ல ஆரம்பிங்க. ஒத்தக் கையில, ரிங்கைத் தொடாம வலையில விழுற மாதிரி 25 போட்டதும்தான் அடுத்தது. ரிங் உள் விட்டம் 45 சென்டிமீட்டர், பந்து கிட்டத்தட்ட 24. மேல இருந்து விழுற பந்துக்கு அந்த 45ம் திறந்திருக்கும், தட்டையா போற பந்துக்கு அந்த வாய் சுருங்கிடும். பக்கத்துல இருந்தே உயரமா போடப் பழகினாதான் தூரத்துலயும் அந்த வளைவு வரும்.

அப்புறம் ஒவ்வொரு ஸ்டெப்பா பின்னாடி. ஒரு தூரத்துல பத்துக்கு எட்டு வந்தாதான் அடுத்த தூரம். எட்டு வரலன்னா அங்கயே நில்லுங்க, ரெண்டு நாள் ஆனாலும் சரி. இதுக்குப் பொறுமை இல்லாம வந்ததும் த்ரீ கோட்டுக்குப் போயிடுறாங்க, கால் பலம் பத்தாததால பந்தை நெஞ்சுல இருந்து தள்ளுவாங்க, அந்தத் தள்ளுறதே ஷாட்டா மாறிடும். அதை அப்புறம் கழட்டுறது புதுசா கத்துக் குடுக்குறதை விடக் கஷ்டம்.

எண்ணிக்கையை எப்பவும் விழுந்ததை வச்சு எண்ணுங்க. "இன்னைக்கு முன்னூறு போட்டேன் அண்ணா"ன்னு வந்து சொல்லுவாங்க, எத்தனை விழுந்துச்சுன்னு கேட்டா முழிப்பாங்க. 150 விழணும்னு வச்சுக்கோங்க, அதுக்கு எத்தனை போட்டீங்கன்னு நோட்டுல எழுதுங்க. மூணாவது வாரம் 150க்கு 340 ஆச்சு, ஆறாவது வாரம் 290னா முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியுது.

அஞ்சாவது வாரத்துல இருந்து நின்ன இடத்துல போடுறதைக் குறைச்சுடுங்க. ஓடி வந்து பாஸ் வாங்கி, பந்து வர்றதுக்கு முன்னாடியே முட்டி மடங்கி, கை தயாரா இருந்து போடணும். ஒரே இடத்துல ரெண்டாவது ஷாட் கிடையாது, போட்டதும் இடம் மாறணும்.

ஃப்ரீ த்ரோவுக்கு ஒண்ணு சொல்லணும். ஒரு பையன் நின்ன இடத்துல 50க்கு 39 போடுவான், மேட்ச்ல ரெண்டுல ஒண்ணு கூட விழாது. பயம்னு எல்லாரும் சொன்னாங்க. நான் அவனை கோர்ட்டோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு முழு வேகத்துல ரெண்டு தடவை ஓட விட்டு, மூச்சு வாங்கும்போதே ரெண்டே ரெண்டு போடச் சொன்னேன், மறுபடி ஓட்டம், மறுபடி ரெண்டு. 50க்கு 26. பக்கத்துல நின்னு பாத்தா ரெண்டு வித்தியாசம் தெரிஞ்சுது, முட்டி மடங்கவே இல்ல, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே போடுறான். அதுக்கப்புறம் கோட்டுல வந்து நின்னா ஒரு தடவை மூச்சை முழுசா வெளிய விட்டு, மூணு தடவை பந்தைத் தட்டி, முட்டி மடக்கிப் போடுன்னு ஒரே மாதிரி வச்சோம். ஜூன் கடைசியில அதே ஓட்டத்தோட 37. மேட்ச்ல யாரும் அம்பது ஃப்ரீ த்ரோ வரிசையா போடப் போறதில்ல, அதனால லீவுலயும் ரெண்டு ரெண்டா, களைச்சுப் போய்தான் போடணும்.

9. ஆளை எதிர்ல நிறுத்துறது

எட்டாவது வாரம் ஒத்தைக்கு ஒத்தை, ஆனா மூணு டிரிபிளுக்கு மேல கிடையாது. மேட்ச்ல அதுக்கு மேல டிரிபிள் பண்ற நேரத்துல ரெண்டாவது ஆள் வந்துடுவான். நீங்க எடுத்த ரெண்டு விஷயத்துல போட்ட பாயிண்ட்டுக்கு ரெண்டு, மத்ததுக்கு ஒண்ணுன்னு கணக்கு வைங்க, அப்பதான் பழைய மூவுக்கு ஓட மாட்டீங்க.

ஒன்பதாவது வாரம் மூணுக்கு மூணு. போன்ல 12 செகண்ட் டைமர் வைங்க, 3x3 ஆட்டத்துல ஷாட் கிளாக் (அதுக்குள்ள ஷாட் போட்டாகணும்) அதுதான். அஞ்சுக்கு அஞ்சு ஆடினா பத்து பேர்ல உங்க கையில பந்து இருக்குறது கொஞ்ச நேரம்தான், மூணு பேர்ல ஒளிய இடமே இல்ல. அஞ்சுக்கு அஞ்சு ஆடவே கூடாதுன்னு சொல்லல, வாரம் ஒரு நாள் ஆடுங்க, அது பரீட்சை மாதிரி.

மே மாசம் பெரியகுளத்துல அகில இந்தியப் போட்டி நடக்கும், போக முடிஞ்சா ஒரு ராத்திரியாவது போய் உக்காந்து பாருங்க. பந்தைப் பாக்காதீங்க, உங்க பொசிஷன்ல ஆடுற ஒருத்தரை மட்டும் முழு மேட்ச்சும் பாருங்க. பந்து இல்லாதப்ப எங்க நிக்குறாரு, ஸ்க்ரீன் (எதிர் ஆளை மறிச்சு நிக்குறது) வச்ச பிறகு எந்தப் பக்கம் திரும்புறாரு, ரீபவுண்ட்டுக்கு (விழாம திரும்புற பந்தைப் பிடிக்க) எப்ப கிளம்புறாரு. மூணு விஷயம் நோட்டுல எழுதிட்டு வாங்க.

உள்ளூர் கிளப்புக்கு மே மாசம் மேட்ச் ஆடுறவங்க அந்த வாரம் குதிக்குற பயிற்சியையும் ஓட்டத்தையும் வெட்டிடுங்க, ஷூட்டிங் மட்டும் போதும்.

10. சாப்பாடு, தண்ணி

பயிற்சிக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சிருந்தா கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர், ஒரே மடக்கா இல்லாம அடுத்த சில மணி நேரத்துல குடிச்சு முடிக்கணும். வெறும் தண்ணியோட உப்புப் போட்ட மோர், இல்லன்னா கேப்பங்கூழ், வேர்வையில உப்பும் போகுது. முட்டை, கொண்டக்கடலை, மீன், பருப்பு, ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒண்ணு தட்டுல இருக்கணும். வெறும் சோறு ரசம் சாப்பிட்டுட்டு ஸ்குவாட் போட்டா தசை எதுல இருந்து வளரும்?

பேர் தெரியாத பவுடர் யார் குடுத்தாலும் வாங்காதீங்க. தடை செஞ்ச மருந்து அதுல கலந்திருந்து டெஸ்ட்ல மாட்டினா, தெரியாம குடிச்சேன்னு சொன்னாலும் பொறுப்பு குடிச்சவங்களோடதுதான்.

11. திரும்ப டெஸ்ட்

பத்தாவது வாரம் ரெண்டு நாள் ஓய்வுக்கு அப்புறம், அதே நேரம், அதே பந்து, அதே ரிங். எதை மாத்தினாலும் ஒப்பிட முடியாது. நம்பர் ஏறாத விஷயம் இருந்தா நோட்டைப் புரட்டி எத்தனை நாள் அதை நிஜமா பண்ணீங்கன்னு எண்ணுங்க, பெரும்பாலும் விடை அங்கயே இருக்கும். எல்லா நாளும் பண்ணியும் ஏறலன்னா மெதுவா பண்ற கட்டத்தை சீக்கிரம் தாண்டிட்டீங்க, சீசன் ஆரம்பிச்சாலும் பிராக்டிஸுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் அந்தக் கட்டத்துக்கே திரும்பிப் போங்க.

ரெண்டு டெஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி காலேஜ் திறந்த முதல் நாளே பி.டி. சார்கிட்ட காட்டுங்க. அப்படியே சாக்பீஸ்ல போட்ட 6.75 கோட்டையும் காட்டி, பெயிண்ட் வாங்கிக் குடுத்தா நாங்களே அடிச்சிடுறோம் சார்னு கேளுங்க, அடுத்து வர்ற ஃபர்ஸ்ட் இயர் பசங்க பழைய கோட்டுல பழகிடக் கூடாது.